கடவுச்சொல்லைக் கணினியிடம் ஒப்படைக்கலாமா?

ஈசூன் வட்டாரத்தில் வார இறுதிகளில் தமிழ் வகுப்பு நடத்தும் தொண்டூழியர் குழு ஒன்றில் நானும் இருக்கிறேன். எங்களிடம் ஆறு மடிக்கணினிகள் உள்ளன. பாடக்குறிப்புகள், பயிற்சித்தாள்கள், பிள்ளைகளின் பெயர், பிறந்த நாள், பெற்றோரின் தொலைபேசி எண், மதிப்பெண் ஆகிய அனைத்தும் ஒரு பொதுச் சேமிப்பகத்தில் இருக்கின்றன. ஆறு கணினிகளும் அந்தச் சேமிப்பகத்தோடு பிணைக்கப்பட்டுள்ளன. (நெட்வொர்க் என்பதை இங்கே பிணையம் என்று எழுதுகிறேன். வலையமைப்பு என்பாரும் உளர். எனக்குப் பிணையம்தான் பிடித்திருக்கிறது; ஒன்றுக்கு மற்றொன்று பிணை நிற்கிறது என்ற பொருளும் அதில் வந்துவிடுகிறது அல்லவா?)

இப்போது எங்கள் குழுவின் முன் ஒரு விதி வந்திருக்கிறது. பிணையத்தில் நுழைவதற்கான கடவுச்சொல்லை எந்த ஆசிரியரும் எந்தக் கணினியிலும் சேமித்து வைத்தல் கூடாது. சேமிக்கும் வசதியே எல்லாக் கணினிகளிலும் முடக்கப்படும் என்பது அதன் சாரம். கணினித் துறையில் பணிபுரியும் இளைஞர்கள் இருவர் கொண்டுவந்த விதி. மூத்த ஆசிரியர்கள் எதிர்க்கிறார்கள். 'எழுபது வயதில் என்னால் இத்தனையையும் நினைவில் வைத்துக்கொள்ள இயலாது' என்றார் ஓர் அம்மையார். அவர் சொன்னதில் நியாயம் இருக்கிறது. இளைஞர்கள் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது.

என் நிலையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தடை வேண்டும். ஆனால் தடையை விதிப்பவர்கள், அந்தச் சொல்லை ஆசிரியர் வேறு எங்கே வைத்துக்கொள்ள வேண்டும் என்பதையும் அதே விதியில் எழுத வேண்டும். அதை எழுதாவிட்டால், நாளை ஏதேனும் கெடும்போது பழியைச் சுமத்த ஓர் ஆசிரியர் அகப்படுவார். அதைத் தவிர வேறு பயன் இராது.

தடை ஏன் வேண்டும் என்பதற்கு, 'நினைவில் வைக்கட்டுமா?' என்று கணினி கேட்கும்போது உண்மையில் என்ன நடக்கிறது என்பதைப் பார்க்க வேண்டும். விண்டோஸ் தன் பெட்டகத்தில் வைக்கும் கடவுச்சொல் வெற்றெழுத்தாக இருப்பதில்லை. மறையாக்கம் செய்யப்பட்டுத்தான் இருக்கிறது. ஆனால் அந்த மறையைத் திறக்கும் திறவுகோல், பயனர் கணினியில் நுழையும் நுழைவோடு கட்டப்பட்டிருக்கிறது. அவர் நுழைந்துவிட்டார் என்றால், அவர் பெயரில் ஓடும் மென்பொருள் 'திறந்து கொடு' என்று கேட்கலாம். பெரும்பாலும் கணினி திறந்து கொடுத்துவிடும். கேட்பது நல்ல மென்பொருளா, மின்னஞ்சல் இணைப்பின் வழியே உள்ளே வந்த திருட்டு நிரலா என்று அது பிரித்தறிவதில்லை. வீட்டைப் பூட்டிவிட்டுச் சாவியை நிலைப்படியின் மேல் வைத்துப் போகும் நம் ஊர்ப் பழக்கம் நினைவுக்கு வருகிறது. பூட்டு நல்ல பூட்டுதான். சாவி எங்கே இருக்கும் என்பது தெருவுக்கே தெரியும்.

இது புதிய குறையும் அன்று. 1995இல் விண்டோஸ் 95 வந்தபோதே, பயனரின் பிணையக் கடவுச்சொற்களை ஒரு தனிக் கோப்பில் சேமித்து வைக்கும் வசதி இருந்தது. பயனரின் பெயரோடு 'பிடபிள்யூஎல்' என்ற மூன்றெழுத்து விகுதி தாங்கிய கோப்பு அது. அவ்வாண்டு முடிவதற்குள்ளேயே அதன் மறையாக்கம் வலுவற்றது என்பது வெளிப்பட்டு, மைக்ரோசாஃப்ட் அவசரமாகத் திருத்தம் வெளியிட்டது. அதன் பின்னர் வந்த பதிப்புகளில் பெட்டகம் வலுப்பட்டது. நிறுவனங்களுக்கென ஒரு தனி ஏற்பாடும் உண்டு: பிணையத்தில் நுழைவதற்கான கடவுச்சொற்களைச் சேமிக்க அனுமதியாதே என்று ஒரே இடத்திலிருந்து எல்லாக் கணினிகளுக்கும் ஆணையிடலாம். எங்கள் இளைஞர்கள் முடக்கப்போவது அதைத்தான். அதை இயக்கினால் பக்கவிளைவு ஒன்று உண்டு. இரவில் தானே இயங்கிக் கோப்புகளைப் படியெடுக்கும் பணிகள், தமக்கென ஒரு கடவுச்சொல் சேமிக்கப்படாமல் நின்றுபோகலாம். இயக்கும் முன் அதைச் சரிபார்ப்பது நல்லது.

உலாவி என்னும் இன்னொரு கதவும் இருக்கிறது. குரோம், எட்ஜ் போன்ற உலாவிகள் கடவுச்சொற்களைத் தமக்கென ஒரு கோப்பில் வைக்கின்றன. அந்தக் கோப்பை அள்ளிச் செல்வதையே தொழிலாகக் கொண்ட திருட்டு நிரல்கள் பெருகிவிட்டன. ரக்கூன், ரெட்லைன் என்று அவற்றுக்குப் பெயர்கள்கூட உண்டு. இங்கே சிங்கப்பூரைத் தலைமையிடமாகக் கொண்ட குரூப்-ஐபி நிறுவனம் ஜூன் 2023இல் வெளியிட்ட கணக்கின்படி, அதற்கு முந்தைய ஓராண்டில் சாட்ஜிபிடி கணக்கு விவரங்கள் சேமிக்கப்பட்டிருந்த 101,134 கணினிகள் இத்தகைய நிரல்களுக்கு இரையாகியிருந்தன. ஒரே ஒரு சேவையின் கணக்கு மட்டும் இது. அதே கணினிகளில் வேறு என்னென்ன சேமிக்கப்பட்டிருக்கும் என்பதை நீங்களே எண்ணிப் பாருங்கள். ஜூலை 2024இல் குரோம் உலாவி, சேமித்தவற்றைத் தான் மட்டுமே திறக்கும்படி ஒரு புதிய பாதுகாப்பைச் சேர்த்தது. சில மாதங்களுக்குள் திருடர்கள் அதையும் சுற்றிச் செல்ல வழி கண்டுவிட்டார்கள்.

'இதெல்லாம் கணினி தெரியாதவர்களுக்கு நேர்வது' என்று எங்கள் கூட்டத்தில் ஒருவர் சொன்னார். நான் மறுத்தேன். மே 2022இல் சிஸ்கோ நிறுவனத்தின் பிணையத்துக்குள் திருடர்கள் புகுந்தார்கள். உலகின் பாதிப் பிணையங்களுக்குக் கருவி செய்து கொடுக்கும் நிறுவனம் என்றே சிஸ்கோவைச் சொல்லலாம். அங்கே பணிபுரிந்த ஒருவர், அலுவலகக் கடவுச்சொல்லைக் குரோமில் சேமித்திருந்தார். அது அவருடைய சொந்த கூகுள் கணக்கோடு ஒத்திசைக்கப்பட்டிருந்தது. திருடர்கள் அவருடைய சொந்தக் கணக்கைக் கைப்பற்றினார்கள். அலுவலகச் சாவி தானாகக் கைக்கு வந்தது. இரண்டாம் சோதனை ஒன்று இருந்தது. அதையும் அவரைத் தொலைபேசியில் மீண்டும் மீண்டும் அழைத்து, ஆள்மாறாட்டம் செய்து, ஒப்புதல் பொத்தானை அழுத்த வைத்துக் கடந்துவிட்டார்கள்.

மறு ஆண்டு ஆக்டா. பிற நிறுவனங்களின் ஊழியர்கள் யார் எவர் என்று சரிபார்த்துத் தருவதே இந்த நிறுவனத்தின் தொழில். செப்டம்பர், அக்டோபர் 2023இல் அதன் வாடிக்கையாளர் உதவிப் பிரிவின் கோப்புகளுக்குள் திருடர்கள் புகுந்தனர். 134 வாடிக்கையாளர்களின் கோப்புகள் பார்க்கப்பட்டன. நிறுவனம் தானே வெளியிட்ட விளக்கம் இது: ஊழியர் ஒருவர் அலுவலக மடிக்கணினியின் உலாவியில் தம் சொந்த கூகுள் கணக்கைத் திறந்து வைத்திருந்தார், அலுவலகக் கணக்கு ஒன்றின் பெயரும் கடவுச்சொல்லும் அந்தச் சொந்தக் கணக்கில் சேமிக்கப்பட்டுவிட்டன. அதன் பிறகு ஆக்டா, அலுவலகக் கணினிகளில் சொந்த கூகுள் கணக்கைக் குரோமில் திறக்க இயலாதவாறு தடுத்துவிட்டது.

எனக்கு இந்த இரண்டு நிகழ்வுகளும் முக்கியமாகப் படுகின்றன. கடவுச்சொல் அந்தக் கணினியில் இருந்தது என்பது பாதிச் செய்திதான். அது சத்தமின்றி இன்னோர் இடத்துக்கும் போயிருந்தது என்பது மீதி. எங்கள் ஆசிரியர் ஒருவர் வகுப்பு மடிக்கணினியில் தம் மின்னஞ்சலைப் பார்க்க உலாவியில் நுழைகிறார். 'சேமிக்கட்டுமா' என்ற கேள்விக்கு ஆம் என்கிறார். அன்று மாலை அவர் வீட்டுக் கணினியிலும், அவருடைய பேரன் விளையாடும் பலகைக் கணினியிலும் எங்கள் பிள்ளைகளின் பதிவேட்டுச் சாவி வந்து உட்கார்ந்திருக்கும். பேரனையும் குறை சொல்வதற்கில்லை, பாட்டியையும் குறை சொல்வதற்கில்லை.

தமிழ்நாட்டிலிருந்தும் ஓர் எடுத்துக்காட்டு உண்டு. நம் தமிழ் வகுப்புகளில் இதைப் பேசுவோர் குறைவு. அக்டோபர் 2019இல் கூடங்குளம் அணுமின் நிலையத்தின் பெயர் இணையத்தில் அடிபட்டது. முதலில் நிலையத்தின் சார்பில் மறுப்பு வந்தது. மறுநாள், அக்டோபர் 30 அன்று, இந்திய அணுமின் கழகம் ஒப்புக்கொண்டது: தீநிரல் கண்டறியப்பட்டது உண்மை, செப்டம்பர் 4 அன்றே கணினி அவசர நடவடிக்கைக் குழுவிடமிருந்து தகவல் வந்தது, பாதிக்கப்பட்டது நிர்வாகப் பணிகளுக்கான, இணையத்தோடு தொடர்புடைய பிணையத்தில் இருந்த ஒரு பயனரின் கணினி, உலையை இயக்கும் அமைப்புகள் அதிலிருந்து தனியே இருப்பதால் அவற்றுக்குப் பாதிப்பில்லை. இவ்வளவும் கழகத்தின் கூற்று. டிட்ராக் என்ற அந்தத் தீநிரலை அலசிய ஆய்வாளர்கள் காட்டிய ஒன்றுதான் நம் பொருளுக்கு நேரே வருகிறது. நிரலுக்குள்ளேயே கூடங்குளத்தின் பிணையப் பெயரும், நிர்வாகிக் கணக்கும், அதற்குரிய கடவுச்சொல்லும் எழுதிவைக்கப்பட்டிருந்தன. திரட்டிய தகவலை உள்பிணையத்தின் வேறொரு கணினியில் கொண்டுபோய் வைப்பதற்காக அந்தச் சாவி. அப்படியானால் அந்த நிரல் எழுதப்படும் முன்பே கடவுச்சொல் வாசலைத் தாண்டிப் போயிருக்கிறது.  அணுமின் நிலையமே ஆனாலும் பிணையக் கடவுச்சொல் பிணையக் கடவுச்சொல்தான்.

இத்தனையும் தடைக்கு ஆதரவான வாதம். இதோடு நிறுத்திக்கொண்டால் இளைஞர்கள் என்னைத் தோளில் தூக்கிக்கொள்வார்கள். ஆனால் நம் ஊரிலேயே நடந்த பெருந்திருட்டு வேறொரு பாடத்தைச் சொல்கிறது.

சிங்ஹெல்த் நிகழ்வைச் சிங்கப்பூரர் எவரும் மறந்திருக்க முடியாது. ஜூன் 27 முதல் ஜூலை 4, 2018 வரையில் 1.5 மில்லியன் நோயாளிகளின் பெயர், அடையாள அட்டை எண், முகவரி, பிறந்த நாள் ஆகியவை களவாடப்பட்டன. அவர்களுள் ஏறத்தாழ 160,000 பேர் வாங்கிய மருந்து விவரங்களும் போயின. அப்போதைய பிரதமர் லீ சியென் லூங்கின் விவரமும் அவற்றில் ஒன்று. நாட்டுக்கு அறிவிக்கப்பட்டது ஜூலை 20 அன்று. விசாரணைக் குழுவின் அறிக்கை ஜனவரி 2019இல் வெளிவந்தது. அதைப் படித்தால், ஒரு பணியாளர் 'சேமி' பொத்தானை அழுத்தியதால் எல்லாம் கெட்டது என்ற கதை அதில் இல்லை. முதற்கணினிக்குள் திருடர்கள் 2017 ஆகஸ்டிலேயே நுழைந்திருந்தார்கள். பிறகு மாதக்கணக்கில் ஓசையின்றி நகர்ந்தார்கள். நிர்வாகி அதிகாரமுள்ள ஒரு கணக்கின் கடவுச்சொல், ஆங்கிலத்தில் 'பாஸ்வர்டு' என்ற சொல்தான். ஏ என்ற எழுத்துக்கு 'அட்' குறியும், ஓ என்ற எழுத்துக்குச் சுழியமும் இட்டிருந்தார்கள். அவ்வளவுதான் மாற்றம். நிர்வாகிகளுக்கு இரண்டாம் சோதனை இருந்தது. ஆனால் அதன் வழியாக மட்டுமே நுழைய முடியும் என்று அமைக்கப்பட்டிருக்கவில்லை. அந்த மாதமே, கணினிகளைப் பராமரித்த ஒருங்கிணைந்த சுகாதாரத் தகவல் கட்டமைப்பு நிறுவனத்துக்கு 750,000 வெள்ளியும் சிங்ஹெல்த்துக்கு 250,000 வெள்ளியும் அபராதம் விதிக்கப்பட்டன.

அந்தச் சொல்லை யாரும் எங்கும் சேமித்து வைக்க வேண்டிய தேவையே இல்லை, ஊகித்தாலே போதும். அதே வேளையில் இன்னொன்றையும் எண்ணுகிறேன். அச்சொல் ஏன் அப்படி இருந்தது? பெரிய எழுத்து ஒன்று, சிறிய எழுத்து ஒன்று, எண் ஒன்று, குறி ஒன்று என்று எங்கும் உள்ள விதி கேட்கிற நான்கும் அதில் இருக்கின்றன. விதிக்குப் பணிந்து பிறந்த சொல் அது. நினைவில் நிற்க வேண்டும், விதியையும் நிறைவு செய்ய வேண்டும் என்றால் மனிதர்கள் இப்படித்தான் செய்வார்கள். சேமிக்கவும் கூடாது என்ற மூன்றாம் கட்டளையையும் சேர்த்துப் பாருங்கள். இத்தகைய சொற்கள் பெருகுமா, குறையுமா?

ஜூலை 2018இல் அரசாங்க மருத்துவமனைகளின் கணினிகளிலிருந்து இணையம் துண்டிக்கப்பட்டது. சிங்ஹெல்த்தோடு நிற்கவில்லை, நம் ஈசூன் கூ டெக் புவாட் மருத்துவமனை சேர்ந்திருந்த தேசியச் சுகாதாரப் பராமரிப்புக் குழுமத்துக்கும் அது வந்தது. நோயாளிகள் கூடுதல் நேரம் காத்திருக்க நேரலாம் என்று சுகாதார அமைச்சே சொன்னது. பாதுகாப்புக்கு ஒரு விலை உண்டு என்பதை அன்று வெளிப்படையாகச் சொன்னார்கள் என்பதை இங்கே பாராட்ட வேண்டும். எங்கள் குழுவின் விதியில் அந்த விலை எங்கும் எழுதப்படவில்லை. அதைச் செலுத்தப்போகிறவர் வகுப்பறையில் நிற்கும் ஆசிரியர்.

வகுப்பறை என்றதும் கணினி வல்லுநர்கள் கவனிக்காத ஒன்றைச் சொல்ல வேண்டியிருக்கிறது. அலுவலக ஊழியர் தம் மேசையில் தனியே அமர்ந்து கடவுச்சொல்லைத் தட்டுகிறார். ஆசிரியர் இருபது பிள்ளைகளின் முன் நின்று தட்டுகிறார். அவருடைய கணினி ஒளிப்படக் கருவியோடு இணைக்கப்பட்டிருக்கிறது. முன்வரிசைப் பிள்ளைக்கு விசைப்பலகை தெளிவாகத் தெரிகிறது. பத்து வயதுப் பிள்ளைகளின் கண் கூர்மையைப் பற்றி ஆசிரியர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. எழுத்துப்பிழையைக் காண மறுக்கும் அதே கண்கள், ஆசிரியரின் விரல் எந்த விசையில் எத்தனை முறை விழுந்தது என்பதை ஒரே பார்வையில் எண்ணிவிடும். அதிலும் தாய்மொழி ஆசிரியர்கள் ஒரே வகுப்பறையில் இருப்பவர்கள் அல்லர். அறைக்கு அறை நகர்கிறோம். நகரும் ஒவ்வொரு முறையும் மீண்டும் நுழைய வேண்டும். அவசரத்தில் பயனர் பெயருக்கான கட்டத்தில் கடவுச்சொல்லைத் தட்டி, அது முழுதும் திரையில் பெரிதாகத் தெரிந்த காட்சியை நான் ஒன்றுக்கு மேற்பட்ட வகுப்புகளில் கண்டிருக்கிறேன்.

ஆகவே, சேமிக்காமல் ஒவ்வொரு முறையும் தட்டுவது எப்போதும் பாதுகாப்பானது என்ற எண்ணம் எங்கள் தொழிலுக்குப் பொருந்தாது. தட்டுவதிலும் களவு உண்டு.

தட்ட முடியாதவர்கள் எழுதி ஒட்டுவார்கள். மஞ்சள் நிற ஒட்டுத்தாளின் புகழை நீங்கள் அறிவீர்கள். ஜனவரி 2018இல் ஹவாய்த் தீவுகளில் ஏவுகணை வருகிறது என்று தவறான எச்சரிக்கை போய் மக்கள் நடுங்கினார்கள் அல்லவா? அதன் பிறகு, அந்த அவசரநிலை அலுவலகத்தில் சில மாதங்களுக்கு முன் செய்தி நிறுவனம் எடுத்திருந்த ஒரு புகைப்படத்தை யாரோ உற்றுப் பார்த்தார்கள். கணினித் திரையில் ஒட்டுத்தாள். அதில் ஒரு கடவுச்சொல். பிரான்சின் டிவி5 மோந்து தொலைக்காட்சி ஏப்ரல் 2015இல் தாக்கப்பட்டபோது, அதைப் பற்றிப் பேட்டியளித்த செய்தியாளரின் பின்னணியிலேயே கடவுச்சொற்கள் எழுதிய தாள்கள் தெரிந்தன. இவர்கள் எல்லாரும் அறிவிலிகளா? அல்லர். நினைவில் நிற்காத ஒன்றை நினைவில் வைக்கும்படி பணிக்கப்பட்டவர்கள்.

இதோடு சேர்த்து எங்கள் விதியில் இன்னொரு வரியும் இருக்கிறது: தொண்ணூறு நாளைக்கு ஒருமுறை கடவுச்சொல்லை மாற்ற வேண்டும். இதை மட்டும் நான் முழுமையாக எதிர்க்கிறேன். இந்தப் பழக்கத்துக்கு மூலமான அமெரிக்கத் தரநிலைக் கழகத்தின் 2003ஆம் ஆண்டு வழிகாட்டியை எழுதிய பில் பர், தாம் எழுதியவற்றில் பெரும்பகுதிக்காக வருந்துவதாக 2017இல் ஒரு நாளிதழிடம் கூறினார். அதே ஆண்டு ஜூனில் அக்கழகம் தன் வழிகாட்டியைத் திருத்தி எழுதியது. காரணமின்றி நாள் குறித்து மாற்றச் சொல்லாதீர்கள். குறி, எண் கலப்பைக் கட்டாயமாக்காதீர்கள். நீளத்துக்கு இடம் கொடுங்கள். கடவுச்சொல்லை நகலெடுத்து ஒட்டுவதை அனுமதியுங்கள் என்பவை அதில் வந்த மாற்றங்கள். 2019இல் மைக்ரோசாஃப்டும் விண்டோசுக்கான தன் அடிப்படைப் பாதுகாப்புப் பரிந்துரையிலிருந்து கடவுச்சொல் காலாவதியை நீக்கிவிட்டது. உலகம் கைவிட்டதை நாம் எடுத்துக் கும்பிட வேண்டுமா?

நகலெடுத்து ஒட்டுவதை அனுமதியுங்கள் என்று ஏன் சொன்னார்கள்? கடவுச்சொல் பெட்டக மென்பொருள்களுக்காக. உலாவி நினைவில் வைப்பதும் பெட்டக மென்பொருள் வைத்திருப்பதும் ஒன்றுதானே என்று கேட்கலாம். ஒன்றல்ல. நல்ல பெட்டகம் கணினிக்குள் நுழைந்ததாலேயே திறந்துகொள்வதில்லை. தனக்கென ஒரு முதன்மைச் சொல்லைக் கேட்கும். சில நிமிடங்கள் தொடாமல் விட்டால் மீண்டும் பூட்டிக்கொள்ளும். அதுவும் உடைக்க முடியாத கோட்டை அன்று. லாஸ்ட்பாஸ் நிறுவனத்திலிருந்தே 2022இல் வாடிக்கையாளர்களின் மறையாக்கப்பட்ட பெட்டகங்கள் களவு போயின. அதற்கு வழிசெய்தது ஒரு பொறியாளரின் வீட்டுக் கணினியில் புகுந்த, விசைத்தட்டுகளைப் பதிவு செய்யும் நிரல். வலுவற்ற முதன்மைச் சொல் வைத்திருந்தவர்கள் அஞ்ச வேண்டியதாயிற்று. இருந்தும் நாற்பது சொற்களை மனத்தில் வைக்க முயன்று நாற்பதையும் ஒன்றாக்கிவிடுவதைக் காட்டிலும், ஒன்றே ஒன்றை நன்றாக மனத்தில் வைப்பது மேல் என்பதே என் முடிவு.

அதுவும் இயலாத மூத்தவர்களுக்கு? தாளில் எழுதிக்கொள்ளட்டும் என்கிறேன். திரையில் ஒட்டுவதற்கு அன்று, பணப்பையில் வைத்துக்கொள்வதற்கு. பாதுகாப்பு வல்லுநர் புரூஸ் ஷ்னையர் 2005இலேயே இதைச் சொன்னார். சிறு தாள்களைப் பத்திரப்படுத்துவதில் நாம் ஏற்கெனவே தேர்ந்தவர்கள்; பணப்பையில் அதைத்தானே செய்கிறோம் என்பது அவருடைய வாதம். ரஷ்யாவிலோ வேறெங்கோ உட்கார்ந்திருக்கும் திருடனின் கை, ஈசூனில் ஓர் அம்மையாரின் கைப்பைக்குள் நீளாது. கைப்பை தொலைந்தால் அவருக்கு உடனே தெரியும். கணினியிலிருந்து கடவுச்சொல் போனால் மாதக்கணக்கில் எவருக்கும் தெரிவதில்லை. தாளில் எந்தக் கணினி, எந்தக் கணக்கு என்று எழுதாமல் சொல்லை மட்டும் எழுதிக்கொண்டால் இன்னும் நல்லது.

ஆக, விதி எப்படி இருக்க வேண்டும்? பொது மடிக்கணினிகளில் விண்டோசிலும் உலாவியிலும் சேமிப்பை முடக்குங்கள். சொந்தக் கணக்கை உலாவியோடு இணைப்பதையும் முடக்குங்கள். இவற்றை இயந்திரத்திலேயே செய்துவிட வேண்டும். 'செய்யாதீர்' என்று சுவரில் எழுதி ஒட்டுவதில் பயனில்லை. அதே நாளில் ஒவ்வோர் ஆசிரியருக்கும் தனிக் கணக்குக் கொடுங்கள். இப்போது எங்களிடம் இருப்பது எல்லாருக்கும் பொதுவான ஒரே கடவுச்சொல். குழுவை விட்டுப்போனவர்களுக்கும் அது தெரியும். சேமிப்பதா வேண்டாவா என்று இரண்டு கூட்டங்களாக வாதாடுகிறோம், இதைப் பற்றி எவரும் பேசவில்லை! பெட்டக மென்பொருள் ஒன்றைக் குழுவின் செலவில் வாங்கி, மூத்தவர்களுக்கு அருகில் அமர்ந்து சொல்லித் தாருங்கள். ஒரு மணி நேரம் போதாது. மூன்று சனிக்கிழமைகள் ஆகும். கைப்பேசி வழியாக இரண்டாம் சோதனையை வையுங்கள். சிங்பாஸ் 2014இல் 1,560 கணக்குகள் அனுமதியின்றித் திறக்கப்பட்ட சிக்கலுக்குப் பின் 2015இல் இரண்டாம் சோதனையைக் கொண்டுவந்தது. இன்று எங்கள் மூத்த ஆசிரியர்களே செயலியில் முகத்தைக் காட்டிச் சிங்பாசுக்குள் போய்வருகிறார்கள். கற்க மாட்டார்கள் என்ற பேச்சை நான் ஏற்கவில்லை. பிள்ளைகளின் பிறந்த நாளும் பெற்றோரின் எண்ணும் எல்லா ஆசிரியர்களுக்கும் தேவையா என்பதையும் கேளுங்கள். தேவையில்லாத பெட்டிக்குச் சாவியே வேண்டாம்.

இதற்கிடையில் ஆசிரியர்களை மட்டும் கட்டிப்போட்டால் பிள்ளைகள் காப்பாற்றப்பட்டுவிடுவார்கள் என்றும் எண்ண வேண்டாம். ஏப்ரல் 2024இல், பள்ளிப் பிள்ளைகளின் கருவிகளைக் கட்டுப்படுத்தும் மொபைல் கார்டியன் என்ற செயலியின் நிறுவனத்தில் ஊடுருவல் நடந்து, 127 பள்ளிகளின் பெற்றோர், ஊழியர் பெயர்களும் மின்னஞ்சல் முகவரிகளும் பார்க்கப்பட்டன. அதே ஆண்டு ஆகஸ்டில் மீண்டும் ஊடுருவல். 26 உயர்நிலைப்பள்ளிகளைச் சேர்ந்த ஏறத்தாழ 13,000 மாணவர்களின் கருவிகளில் இருந்தவை தொலைவிலிருந்தே அழிக்கப்பட்டன. கல்வி அமைச்சு அந்தச் செயலியையே நீக்கியது. தேர்வுக்குச் சில வாரங்களே இருந்த நேரத்தில் குறிப்புகளை இழந்த பிள்ளைகள், எந்தக் கடவுச்சொல்லையும் எங்கும் சேமித்தவர்கள் அல்லர். பாதுகாப்புக்கென்றே வைத்திருந்த இடத்திலிருந்து வந்த கேடு அது. விதி எழுதுவோர், தம் கையில் இருக்கும் நிர்வாகிச் சாவி எங்கே இருக்கிறது என்பதையும் அதே கூட்டத்தில் சொல்ல வேண்டும். எங்கள் இளைஞர்களிடம் கேட்டேன். நல்ல பிள்ளைகள், ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு, அடுத்த கூட்டத்துக்குள் எழுதித் தருவதாகச் சொன்னார்கள்.

கடைசியாகத் தமிழ் ஆசிரியர்களுக்கு மட்டும் ஒரு செய்தி. நீளமான கடவுச்சொல் வேண்டும் என்றால் தமிழிலேயே வைத்துக்கொள்ளலாமே என்று சிலர் கேட்கிறார்கள். ஆசை நியாயமானது. தொடர்பில்லாத நான்கைந்து தமிழ்ச் சொற்களைக் கோத்தால், எந்த ஆங்கில அகராதியை வைத்துக்கொண்டும் ஊகிக்க முடியாது. 2017ஆம் ஆண்டு அமெரிக்க வழிகாட்டியே ஒருங்குறி எழுத்துகளை ஏற்கலாம் என்கிறது. ஆனால் ஒரு சிக்கல் இருக்கிறது. 'கொ' என்ற எழுத்தை ஒருங்குறியில் இரண்டு வகையாக எழுதலாம்: ஒகரக் குறியை ஒரே குறியீடாக இடலாம், அல்லது ஒற்றைக் கொம்பையும் காலையும் தனித்தனிக் குறியீடுகளாக இடலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. கணினிக்கு வேறு வேறு. வீட்டில் ஒரு விசைப்பலகை, வகுப்பில் வேறொன்று என்றால், சரியான சொல்லைத் தட்டியும் கதவு திறக்காமல் போகலாம். இரண்டையும் ஒன்றாக்கிய பிறகே சோதிக்க வேண்டும் என்று அந்த வழிகாட்டியில் எழுதியிருக்கிறது. எல்லா மென்பொருளும் அதைச் செய்வதில்லை. தவிரவும், பல கணினிகளின் நுழைவுத் திரையில் தமிழ் விசைப்பலகையே வராது. ஆகவே தமிழ்ச் சொற்களை உரோம எழுத்தில் தட்டுங்கள். பாரதி, வள்ளுவர், உங்கள் குலதெய்வம், பேரப்பிள்ளையின் பெயர் ஆகியவற்றைத் தவிர்த்து விடுங்கள். இவை எல்லாருக்கும் முதலில் தோன்றுபவை. சமையலறையிலிருந்து ஒன்று, ஊரிலிருந்து ஒன்று, இலக்கணத்திலிருந்து ஒன்று, இளமைக்கால விளையாட்டிலிருந்து ஒன்று என்று எடுத்துக் கோத்துக்கொள்ளுங்கள். ழகரத்துக்கு எந்த உரோம எழுத்தை இடுகிறீர்கள் என்பதை மட்டும் முதல் நாளே முடிவு செய்துகொள்ளுங்கள்.